அண்ணன் வெட்டிய குழியும் அயிரை மீனும்

காஞ்சிபுரத்தில், வேகவதி ஆற்றங்கரையில் இருந்த சாயப்பட்டறை வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் எங்கள் அண்ணன். நான் இரண்டாவது. அன்றிலிருந்து எல்லாவற்றிலும் இரண்டாவதுதான். அவர் மறைந்து ஓராண்டாகிறது. நல்லதை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறார் அண்ணியார். எழுத எழுத எனக்கு வயிறு எரிகிறது. பழக்கதோஷம், உறவினர்கள் மன்னிக்க வேண்டும்.

அப்பா காலமானபோது அண்ணனுக்கு மீசை முளைக்கவில்லை. படிப்பை விட்டுவிட்டுச் சாயத்தொட்டியில் கை வைத்தார். இரண்டு தங்கைகளைக் கரையேற்றினார். என்னையும் ஏற்றப் பார்த்தார், நான் கனம்.

அவருடைய ஒரே சுகம் ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிப்பு. பட்டறையை ஒட்டி ஆற்றில் ஒரு மடு. தூண்டிலிலும் துணியிலுமாகக் கெண்டை, கெளுத்தி, விரால், உளுவை, ஆரல், குறவை, அயிரை என்று ஏழு வகை கொண்டுவருவார். தெருவே சட்டியோடு நிற்கும். என் மனைவி என்னைப் பார்ப்பாள்.

"மாமா போனா சட்டி நிறையுது. நீங்க போனா சளிதான் புடிச்சுக்கினு வர்றீங்க."

அறுபதுகளில் ஒரு கோடை. அண்ணன் ஒரு கல்யாணத்துக்காக வாலாஜாபாத் போயிருந்தார். பட்டுநூலைச் சோடாவும் சவுக்காரமும் போட்டு அவித்த தண்ணீரை மடுவுக்குக் கீழே கொஞ்சங்கொஞ்சமாக விடுவதுதான் எங்கள் வழக்கம். எனக்குச் சோம்பல். மடுவுக்கு மேலேயே மொத்தத்தையும் கவிழ்த்தேன், சாயத்தொட்டியையும் சேர்த்து. சற்று நேரத்தில் அதிசயம்! மீன்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. என் ராசி திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். வேட்டியை அவிழ்த்து வாரினேன். கோவணத்தோடு கூடை நிறைய மீன் சுமந்து தெருவில் நடந்த அந்த ஊர்வலம் பலருக்கு நினைவிருக்கும்.

மாலையில் அண்ணன் வந்தார். ஒரு மீனை எடுத்துச் செவுளைப் பிரித்துப் பார்த்தார்.

"எங்கடா புடிச்ச?"

"உன் மடுவுலதான். ஏன்ணா, பொறாமையா இருக்குதா?"

"டேய், அதுங்க உன்னப் பாக்க வரலடா. மூச்சு முட்டி மேல வந்துக்கினு இருந்துச்சுங்க."

கூடையோடு புதைத்தார். அவருக்குப் பொறாமை என்றே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த ஞாயிறுகளில் மடுவில் குறவையும் விராலும் மட்டும் கிடைத்தன. "அதுங்க மேல வந்து காத்து குடிச்சுப் பொழச்சுக்கும். அயிரைக்கு அந்த வித்தை தெரியாதுப்பா" என்றார். அதற்குப் பிறகு என்னை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன். அவர் தூண்டிலைப் பரணில் போட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். கொல்லையில் குழி வெட்டி, மணல் கொட்டி, கழிவுத் தண்ணீரை அதில் விடச் செய்தார். எத்தனையோ ஞாயிறுகள் அதிலேயே போயின. "புதையலா?" என்று கேலி செய்தேன். மண்ணை மட்டும் நான் அள்ளவில்லை. அதைப் பார்த்து மற்றப் பட்டறைக்காரர்களும் குழி வெட்டினார்கள். அதற்கும் அவருக்குத்தான் பெயர்.

மழைகள் வந்து ஆற்றை அலசின. முதலில் கெண்டை வந்தது, பிறகு கெளுத்தி, உளுவை, ஆரல். அயிரை மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்திலும் என்னைத்தான் கேட்டார்: "அயிரை வந்துச்சாடா?"

"வந்துடுச்சுண்ணா. மடு பூரா அதான்."

"பொய் சொல்லக்கூட உனக்கு வரலியேடா" என்று சிரித்தார். அதிலும் நான் இரண்டாவது.

தம் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்ற பக்கத்து வீட்டாருக்கும், கண்விழித்துப் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், பட்டறைகளை அடைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அவ்வளவு கூட்டம் எனக்கு வராது என்று அன்றே தெரிந்துகொண்டேன்.

அண்ணனின் குழி நிரம்பிவிட்டது. இப்போது ஞாயிறுதோறும் நான் பக்கத்தில் இன்னொன்று வெட்டுகிறேன். அவருடையதைவிட ஒரு சாணாவது ஆழமாக வெட்டிவிட ஆசை. இடுப்பளவிலேயே மூச்சு வாங்குகிறது. போன மழைக்குப் பிறகு மடுவில் துணி விரித்துப் பார்த்தேன்.

அண்ணா, ஒரே ஒரு அயிரை. இது பொய்யில்லை. தண்ணீரிலேயே விட்டுவிட்டேன்.