தானாக அழிக்கும் பிரவுசர்

எங்கள் நாய் செத்த பிறகு, வீட்டில் இனி நாயே கூடாது என்றுவிட்டாள் என் மனைவி. ராஜபாளையத்தில் இருந்துகொண்டு அது எப்படி முடியும்? இருவருக்கும் பொதுவான போனில் வெள்ளை நாய்க்குட்டி தேடினேன். அவளுக்குத் தெரியாமலிருக்க, மூடியதும் பார்த்ததையெல்லாம் தானே அழித்துவிடும் சின்னப் பிரவுசராகப் பார்த்துப் போட்டு, பழையதை நீக்கினேன்.

அவளும் அந்தப் போன் பிரவுசரில்தான் தொடர்கதை படிப்பாள். முன்பெல்லாம் விட்ட பக்கமே திறக்கும். இப்போது தினமும் அதைக் காணவில்லை. "எங்க விட்டேன்னே தெரியல, எனக்கு மறதி வந்துட்டு போல" என்று பயந்து, வல்லாரைத் துவையல் அரைத்தாள். ஒரு வாரம் நானும் எதுவும் சொல்லாமல் அதைச் சாப்பிட்டேன். கோழைத்தனம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் போகப் பஸ் ஏறிய பிறகே உண்மையைச் சொன்னேன்.

"ஒரு நாய்க்குட்டிக்காகவா என்னைய இப்படிப் பயங்காட்டுனீக?" என்றாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம். திரும்பும் பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.