வெள்ளிக்கிழமைச் சாவி

காஜா பெராங் பகுதியில் இருந்த அரிசிக் கிடங்குக்கு நான் கிராணி, கணக்கு எழுதுகிறவன். முதலாளிக்கு ஜாலான் பெண்டஹாரா தெருவில் கடை. என் தங்கை புருஷன், எனக்கு மச்சான், அதே கிடங்கில் மூட்டை தூக்கினான். எங்கே பார்த்தாலும் மெர்டேக்கா, வெள்ளைக்காரனிடமிருந்து சுதந்திரம் என்றே பேச்சாக இருந்த அந்தச் சமயத்தில் கிடங்கிலிருந்து மூட்டைகள் காணாமல் போயின. எலியின் மேல் பழி போட முடியாது. எலி சாக்கோடு தூக்கிக்கொண்டு போகாது.

"யாரு உள்ள வர்றான், யாரு வெளிய போறான்னு ஒரு கட்டு வேணும், கிராணி. மெர்டேக்கா வந்துட்டா அவனவன் இஷ்டத்துக்கு வருவான், போவான்" என்றார் முதலாளி.

வாசலில் காவலுக்கு ஒரு ஜாகாவை உட்கார வைக்கலாம் என்றேன். "ஜாகாவுக்கு யாரு ஜாகா?" என்று கேட்டார். வேலையாட்களுக்குப் பித்தளை வில்லை கொடுத்து, காட்டுகிறவனை மட்டும் உள்ளே விடலாம் என்றேன். "தெனமும் ஒருத்தன் தொலைச்சிட்டேன்னு வந்து நிப்பான்" என்றார். கடைசியில் சீனர் இரும்புக் கடைக்கு அவரே போனார். இழுத்தால் மடங்கும் கம்பிக் கதவு. தள்ளினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். கடைக்காரர் "குவாட், குவாட்" என்று மலாயில் அதன் கெட்டியைச் சொல்லிக் கம்பியைத் தட்டிக் காட்ட, இவரும் உலுக்கிப் பார்த்து, உதைத்தும் பார்த்தார். பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

ஆட்கள் உள்ளே வேலை செய்யும்போதும் கதவு வெளியே பூட்டியிருக்க வேண்டும். லோரி வந்தால் திறக்கலாம், சாப்பாட்டு நேரத்தில் திறக்கலாம். பூட்டோடு வந்த இரண்டாவது சாவியை ஆற்றில் எறிந்துவிட்டார். இரண்டு சாவி இருந்தால் இரண்டு திருடன் என்பது அவர் கணக்கு. மற்ற நாட்களில் சாவியைக் காலையில் என்னிடம் தந்து மாலையில் வாங்கிக்கொள்வார். வெள்ளிக்கிழமை மட்டும் அவரே வந்து திறந்து, ஆட்களை விட்டுப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார்; சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்ப வருவார். சாவி லட்சுமி, வெள்ளிக்கிழமை லட்சுமியைக் கைமாற்றக் கூடாது. எங்கள் வீட்டிலும் அன்று பக்கத்து வீட்டுக்கு உப்புகூடக் கொடுக்க மாட்டோம். அதனால் எங்களில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. 

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுக்கு வெகு நேரம் முன்பு, உள்ளே மூட்டை அடுக்கு மச்சான் மேல் சரிந்தது. கூட இருந்தவர்கள் மூட்டைகளைப் புரட்டி மச்சானை அடியிலிருந்து இழுத்துக் கதவோரம் உள்பக்கமாகக் கிடத்தினார்கள். வாயில் ரத்தம். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சரக்கு ஏற்ற வந்த லோரி வாசலிலேயே நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோரிக்காரர் இஞ்சினை முடுக்கிவிட்டார். நடுவில் அந்தக் கம்பிக் கதவு மட்டும்தான். வெளியே இருந்த நானும் லோரிக்காரரும் கடப்பாரை போட்டு நெம்பினோம். கடப்பாரைதான் வளைந்தது.

"மச்சான், சீக்கிரம்" என்றான் அவன் என்னிடம்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு ஜாலான் பெண்டஹாராவுக்குப் பறந்தேன். முதலாளி கையில் ஊதுவத்தியோடு சாமி படத்துக்கு முன்னால் நின்றார். விஷயத்தைக் கேட்டதும் பதறி, சாவி கட்டியிருந்த இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனார். உடனே இழுத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கெழமைய்யா. கைமாத்தக் கூடாது. நானே வர்றேன்."

"உசுரு போவுது மொதலாளி. நான் சைக்கிள்ல ஓடிடுவேன்."

"நானே வர்றேன்யா!"

அவர் கல் நெஞ்சுக்காரர் இல்லை. செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடி டிரைஷாவை நிறுத்தினார். மிதிக்கிறவர் வயதானவர், ஏறியவர் கனத்த உடம்பு. நான் முன்னால் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தேன். ஒரு முக்கில் ஏணி சாத்திக் கொடித் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைஷா நின்றுவிட்டது. அங்கேயும் கை நீட்டிக் கெஞ்சினேன். அவர் இடுப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "இன்னும் கொஞ்ச தூரந்தானேய்யா" என்று அழுதார். அடித்துப் பிடுங்கியிருக்க வேண்டும். முதலாளி மேல் கை வைக்கிற பழக்கம் எங்களுக்கு ஏது?

கிடங்குக்கு வந்து அவர் கையாலேயே பூட்டைத் திறந்தார். மச்சானின் கை கம்பிக்கு வெளியே நீட்டியிருந்தது. லோரிக்காரர் தரையில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ போய் அதை நிறுத்தினார்கள்.

மறுநாள் எடுப்பதற்கு முன் முதலாளி மாலையோடு வந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. விதி என்று என்னமோ சொல்லத் தொடங்கினார்.  என் தங்கை தலைமாட்டிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இன்னிக்குச் சனிக்கெழமதானே மொதலாளி?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"அப்ப அந்தச் சாவிய எங்கண்ணன் கையில குடுங்க."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தார். கொடுக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.