மூன்று பேருக்கு ஒரு கூடாரம்

பார்சல் அலுவலகத்தில் அவனுடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. தராசு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். பெட்டியைக் கையில் வாங்கும்போதே எடையைச் சொல்லிவிடுவான். அதன் பிறகு எடை மேடையில் வைத்துக் காட்டுவது வாடிக்கையாளரின் மனநிம்மதிக்காக. இந்தக் கெட்டிக்காரத்தனம் அலுவலகத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. மலைக்குப் போவதென்று முடிவானதும் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். பல் துலக்கும் பிரஷ்களின் காம்பைப் பாதியாக வெட்டினான். சோப்பைத் துண்டு போட்டான். மகளின் சட்டைக் காலரில் இருந்த கம்பெனி முத்திரையைக்கூடப் பிரித்தெடுத்தான்.

மலைக்குப் போகும் ஆசை உண்மையில் மனைவியுடையது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதும் வேலை அவளுக்கு. பகலெல்லாம் நடந்துவிட்டு, மாலையில் மகளைக் கூட்டிக்கொண்டு இன்னொரு சுற்று நடந்துவிட்டு வருகிற ஆள். போன வருடம் ஏதோ ஒரு கட்டடத்தின் ஈரப் படியில் வழுக்கி விழுந்து, முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அலுவலகத்தில் ஒரு நாற்காலி, கையில் நீட்டிக் குறைக்கும் கைத்தடி. விழுந்த பிறகு அவள் எதையும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. "லீவுக்கு மலைக்குப் போலாமா?" என்று கேட்டதுதான் முதல் தடவை. இதில் ஏதாவது சொதப்பினால் அவள் இனி எதையும் கேட்கமாட்டாள் என்று தராசுக்கு உள்ளூரப் பயம். அதனால்தான் இத்தனை ஆட்டம்.

வழியில் ஓர் இரவு மேட்டில் தங்க வேண்டும். அங்கே கூரை என்று ஒன்றும் கிடையாது. கூடாரத்தைச் சுமந்துகொண்டு போக வேண்டும். முட்டி சரியில்லாதவள் எதையும் தூக்கக் கூடாது, சின்னப் பெண் தன் துணிமணியைத் தூக்கினாலே பெரிது, மிச்சமெல்லாம் தன் முதுகு என்று அவனே தீர்மானித்துவிட்டான். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தெரிந்த கடைக்காரர் இரண்டு கூடாரங்களைக் கொடுத்தனுப்பியிருந்தார். ஒன்றை வைத்துக்கொள்ளலாம், இன்னொன்று அன்று மாலை கடை மூடுவதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும். மறுநாள் காலையில் பஸ். ஒரு கூடாரம் வளையும் கம்பிகளும், உள்ளே வலையும், மேலே மழைத்துணியும், இரண்டு பக்கம் வாசலுமாக இரண்டரைக் கிலோ. மற்றது ஒற்றைத் துணி, ஒற்றை வாசல், முக்கால் கிலோதான். அதற்குக் கம்பிகள் கிடையாது. நடுவில் ஒரு கம்பை நிறுத்தினால் துணி கூம்பாக நிற்கும். கம்பு தனியாகக் கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னார். தராசு வேண்டாமென்றான். வீட்டில்தான் ஏற்கெனவே ஒரு கைத்தடி இருக்கிறதே. எப்படியும் அது கூடவே வரப்போகிறது. தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

மதியம், கூடாரங்களையும் முதுகுப் பைகளையும் மொட்டைமாடிக்குக் கொண்டுவந்து பரீட்சை நடத்தினான். சிமெண்டில் முளை அடிக்க முடியாததால் நான்கு மூலையிலும் தண்ணீர் நிரப்பிய கேன்களை வைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினான். நடுவில் கைத்தடியை நீட்டி நிறுத்தினான். காற்று பலமாக இருந்தும் துணி விறைப்பாக நின்றது. மனைவியும் மகளும் உள்ளே போய்ப் படுத்தார்கள். அவன் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, மாடிக் குழாயில் ஹோஸை மாட்டி மேலிருந்து தண்ணீரைப் பாய்ச்சினான்.

"ஒழுகுதா?"

"இல்லப்பா. ஜோரா இருக்கு," என்றாள் மகள்.

முட்டியை மடக்கியே வைத்திருந்ததில் மனைவிக்குக் கால் இழுத்துக்கொண்டது. வலி வந்தால் உடனே எழுந்து நிற்க வேண்டும். கை தானாகத் தடியைத் தேடியது. கிடைத்ததும் பிடித்து இழுத்தாள். ஈரத் துணி மொத்தமாக இருவர் மேலும் விழுந்தது.

மகள் அலறினாள். தராசு ஹோஸைப் போட்டுவிட்டு ஓடினான். ஜிப்பில் துணி மாட்டிக்கொண்டு நகரவில்லை. கீழே கிடந்த ஹோஸ் தண்ணீரை நேராகத் துணிக்கு அடியிலேயே விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே கைகள் துழாவுவது வெளியே தெரிந்தது. மகளின் மூச்சுக்கு மூச்சு துணி முகத்தில் ஒட்டி ஒட்டி விலகுவதைப் பார்த்தான். ஜிப்பை விட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்த்து, துணியை வாரிச் சுருட்டி எறிந்தான்.

மகள் இருமிக்கொண்டே அவன் காலைக் கட்டிக்கொண்டாள். மனைவி தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். தடி துணியோடு போய்விட்டதால் எழுந்திருக்க முடியவில்லை. அவன் கையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க," என்றாள். "நான் வரல."

"பெரிய கூடாரத்தையே எடுத்துக்கலாம். என் ஸ்வெட்டரை விட்டுடறேன். பாத்திரத்துல ஒண்ணக் குறைச்சுட்டா..."

"இப்பவும் கணக்குதானா? உங்க கணக்குல நான் யாருங்க? கூட வர்ற ஆளா, நீங்க தூக்கிட்டுப் போற சாமானா?"

அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டதும் அவளே தொடர்ந்தாள்.

"மூணு கிலோ வரைக்கும் தூக்கலாம்னு பிசியோதெரபி அம்மா போன மாசமே சொல்லிட்டாங்க."

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க எப்பக் கேட்டீங்க? சாமான்கிட்ட யாராவது கேப்பாங்களா?"

அவள் சுவர் வரை நகர்ந்து போய், அதைப் பிடித்து எழுந்தாள். மகள் ஓடிப்போய்த் தடியை எடுத்துக் கொடுத்தாள். மனைவி தன் முதுகுப் பையில் பெரிய கூடாரத்தைத் திணித்து, தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கீழ வரைக்கும் இறங்கிட்டு ஏறி வரேன். ஏறிட்டேன்னா நாளைக்கு இதை நான் தூக்குறேன், நானும் வரேன். முடியலைன்னா நீங்க ரெண்டு பேரும் போங்க. பின்னாடி யாரும் வரக் கூடாது."

நான்கு மாடிக் கட்டடம். தராசு மாடிக் கதவருகே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டான். தடி, கால், கால். தடி, கால், கால். இறங்க இறங்கச் சத்தம் தேய்ந்து இல்லாமல் போனது. பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை. மறுபடி கேட்டபோது மெதுவாகக் கேட்டது. ஒரு மாடி ஏறியிருப்பாள், இரண்டாவதும் ஏறியிருக்கலாம். சத்தம் நின்றுவிட்டது.

அவன் எழுந்தான். மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா வரக் கூடாதுன்னாங்கல்ல?"

உட்கார்ந்தான். விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான். எந்தப் பெட்டியையும் தூக்கிப் பார்த்து எடை சொல்லிவிடுகிறவனுக்கு, அவளால் எவ்வளவு முடியும் என்பது மட்டும் சுத்தமாகத் தெரியவில்லை. கட்டிக்கொண்டு இத்தனை வருடமாயிற்று. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

தடி, கால், கால்.

கதவில் தெரிந்தபோது அவள் முகம் சிவந்து, உடை சொட்டிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் அவன் பையை வாங்கக் கை நீட்டினான். அவள் தோளைத் திருப்பிக்கொண்டாள்.

"இது என்னோடது. நீங்க அந்த லேசானதைத் துடைச்சு மடிச்சு, கடை மூடறதுக்குள்ள குடுத்துட்டு வாங்க. வரும்போது மூணு பிரஷ் வாங்கிட்டு வாங்க. காம்போட."

மகள்தான் முதலில் சிரித்தாள்.

தராசு கூடாரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினான். இரண்டாவது மாடிக்கு ஏறும் படிகளில் ஒன்று மட்டும் அகலமாக நனைந்திருந்தது. பக்கத்தில் தடியைச் சாய்த்து வைத்த ஈரமும் இருந்தது. அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்தவள், பிடித்துவிட ஆளில்லாமல், பையோடு எழுந்தும் இருக்கிறாள். அந்தப் படியை மிதிக்காமல் தாண்டி இறங்கினான். இதைப் பார்த்ததாக அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.