அக்காவுக்குப் பதிலாக ஒரு சேவல்

என்னைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டுச் சரியாகத் திருப்பி எடுக்கவில்லை என்பதுதான், ஒன்பது வயதுவரை நான் என்னைப் பற்றி அறிந்துவைத்திருந்த பெரிய செய்தி.

எங்கள் தீவில் கத்தோலிக்க வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்குக் கடும் நோய், வருத்தம் வந்தால் அந்தோனியாருக்கு நேர்ந்துவிடுவார்கள். சுகமானதும் திருநாளன்று கோயிலுக்குக் கொண்டுபோய், சுரூபத்தின் காலடியில் பிள்ளையைக் கிடத்தி, இது இனி உம்முடைய பிள்ளை என்று ஒப்புக்கொடுப்பார்கள். பிறகு ஒரு சேவலைக் காணிக்கையாகக் கொடுத்து, பிள்ளையை மீட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்ததாம். அம்மா என்னை நேர்ந்துவிட்டார். எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் எனக்காகக் கொடுத்த சேவல், கோயில் வேப்பமரத்தில் கட்டியிருந்த கயிற்றை உருவிக்கொண்டு, நாங்கள் பூசை முடிந்து வருவதற்குள் எங்கள் குசினிக் கூரையில் ஏறி நின்றதாம். நாளைக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்று அம்மா சொன்னார். அன்று பார்த்து அல்லைப்பிட்டியிலிருந்து மாமா வந்துவிட்டார். அடுத்த நாள் காலையில் செட்டைகளும் எலும்பும்தான் மிச்சம்.

கொண்டாட்டங்களில் மாமா இந்தக் கதையைச் சொல்லாமல் சாப்பிட உட்காரமாட்டார். முடிவில் என் பக்கம் திரும்பி, "அப்ப இவ இன்னும் அந்தோனியாரின்ரை பிள்ளைதான். என்ரை வயித்துக்குள்ளை போன சேவலுக்கு ஆர் கணக்குச் சொல்லுறது?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டு யோசிப்பேன்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம், உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்த அக்கா, தான் கன்னியர் மடத்துக்குப் போகப்போவதாகச் சொன்னார். செபமாலை முடிந்து பாய் சுருட்டுகிற நேரத்தில், நாளைக்கு வேலணைச் சந்தைக்குப் போகிறேன் என்பதுபோலச் சொன்னார். அம்மா சுருட்டிய பாயைத் திரும்ப விரித்து அதில் உட்கார்ந்துவிட்டார். 

அம்மாவின் அழுகை எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு நாளும் செபமாலையின் முடிவில், "ஆண்டவரே, எங்கடை பங்கிலையிருந்து தேவ அழைத்தலைத் தாரும்" என்று மன்றாடியவர் அவர்தான். ஊரிலிருந்து யாராவது குருவாகவோ கன்னியராகவோ போகவேண்டும் என்ற மன்றாட்டு அது. நாங்கள் அரைத் தூக்கத்தில் ஆமென் சொல்லியிருக்கிறோம். கேட்டது கிடைத்ததற்கு யாராவது அழுவார்களா? பங்கில் எத்தனையோ வீடுகள் இருக்க, ஆண்டவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார் என்று அம்மா நம்பியிருந்தார் என இப்போது நினைக்கிறேன். அப்பாவோ அழவுமில்லை, ஏசவுமில்லை. அக்காவோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அக்கா ஆசிரியையாகி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போவதைக் கண்ணால் கண்டவர்போல அதுவரை பேசிக்கொண்டிருந்த மனிதர், பிறகு அக்கா கொடுக்கும் தேத்தண்ணீரைக்கூட அம்மாவின் கையால்தான் வாங்கினார்.

வீட்டில் எவருக்கும் தெரியாத காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தோனியாருக்கு ஒரு பிள்ளை பாக்கி. என்னை எடுக்க வந்திருக்க வேண்டிய மடத்துக்காரர்கள், நான் சின்னப்பிள்ளை என்பதால் அக்காவைக் கேட்கிறார்கள். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்காமல் தானே போகிறார். நான் போகிறேன் என்று சொல்லவும் துணிவில்லை. அக்கா போய்விட்டால் என் தலை பின்னுவது யார், இருட்டில் கிணற்றடிக்குத் துணை வருவது யார் என்றும் பயம். அழுகையும் குற்றவுணர்வும் மாறி மாறி வந்தன. 

என்னிடம் ஒரு சேவல் இருந்தது. குஞ்சிலிருந்து நான் வளர்த்தது. செம்மண் நிறம். ஒரு கால்விரல் வளைந்திருக்கும். நான் "பா... பா..." என்று கூப்பிட்டால் எங்கே நின்றாலும் ஓடிவரும்.

அக்காவைக் கூட்டிப்போக மடத்திலிருந்து வான் வந்த நாளில், மதரும் இன்னொரு சிஸ்டரும் விறாந்தையில் கதிரைகளில் இருந்தார்கள். அம்மா புட்டுக்கு மா குழைத்த கையோடு அவர்கள் முன்னால் நின்றார். அப்பா முற்றத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அக்காவின் பெட்டி வாசலில் இருந்தது. நான் சேவலைப் பிடித்துக்கொண்டு வந்து, நேரே மதரின் மடியில் வைத்தேன். 

"இதை எடுத்துக்கொண்டு அக்காவை விட்டிட்டுப் போங்கோ."

சேவல் பயத்தில் அந்த வெள்ளை உடுப்பில் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தது. அம்மா, "ஐயோ என்ரை மாதாவே!" என்று ஓடிவந்தார். மதர் அசையவில்லை. சேவலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, இதுக்குச் செபம் சொல்லத் தெரியுமோ?"

"விடியக் காலமை நாலு மணிக்கே எழும்பும்," என்றேன்.

"அப்ப எங்கடை சில சிஸ்டர்மாரைவிட நல்லது."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் முதுகு மட்டும் அப்படியே இருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போனார். வாளியில் தண்ணீர் அள்ளி என் கையைக் கழுவியபடியே, "ஏனடி இப்பிடிச் செய்தனீ?" என்று கேட்டார். நான் விம்மி விம்மி எல்லாவற்றையும் சொன்னேன். மாமா சாப்பிட்ட சேவல், பாக்கிப் பிள்ளை, எல்லாம். அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"விசரி. அடுத்த செவ்வாய்க்கிழமையே அம்மா வேறை சேவல் கொண்டுபோய்க் குடுத்திட்டா. நானும்தான் கூடப் போனனான். மாமா அதைச் சொன்னா கதை நல்லா இருக்காதெண்டு விட்டிடுவார்."

"அப்ப என்னை மீட்டாச்சோ?"

"ஓம். நீ எங்கடை வீட்டுப் பிள்ளைதான்."

எனக்கு மூச்சு வந்தது. அதோடு கோபமும் வந்தது.

"அப்ப நீ ஏன் போறாய்? உன்னை ஆர் நேந்துவிட்டது?"

"என்னை ஒருத்தரும் குடுக்கேல்லை. நானாத்தான் போறன்."

"என்னத்துக்கு?"

அக்கா வாளியைக் கீழே வைத்தார். "எனக்கு ஆண்டவரிலை விருப்பம்," என்றார். 

"அப்ப எப்ப திருப்பி எடுக்கிறது?"

"திருப்பி எடுக்கிறதுக்கெண்டு குடுக்கேல்லையடி."

சொல்லும்போது அக்காவின் கண் கலங்கியிருந்தது. ஆனால் முகம் சந்தோஷமாக இருந்தது. அதுதான் என்னைக் குழப்பியது. அழுதுகொண்டு போயிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். எங்களை விட்டுவிட்டுப் போகிற ஒருவருக்கு எப்படிச் சந்தோஷமாக இருக்க முடியும்? அப்படியானால் எங்களில் விருப்பம் இல்லையா? கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை.

சேவலை நான் திருப்பி வாங்கப் போனபோது, அக்கா மதரிடம், "அவள் குடுத்ததை வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ, மதர்," என்றார். மதர் தலையாட்டினார். ஆக, அக்காவும் போனார், சேவலும் போனது. வான் ஒழுங்கையின் முனையில் திரும்பும்வரை அப்பா வலையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் கடவுளுக்குக் கொடுத்தது திரும்பி வந்த சரித்திரம் ஒன்று இருந்ததால், சில நாட்கள் நான் பின்னேரங்களில் வாசல் படலையடியில் நின்று பார்த்தேன். 

மூன்று மாதம் கழித்துத்தான் பார்க்க விட்டார்கள். வரமாட்டேன் என்று சொல்லியிருந்த அப்பா, அன்று விடியவே சவரம் செய்து, பெட்டி போட்டு மினுக்கிய சேட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். கடலுக்கு நடுவே போகும் தெருவைத் தாண்டி யாழ்ப்பாணம் போகும்வரை முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தபடி இருந்தார். மடத்து வாசலில் அக்கா வெள்ளைச் சட்டையும் பாவாடையுமாக ஓடிவந்தார். அப்பா, "சாப்பாடு ஒழுங்கா தருகினமோ?" என்று கேட்டார். "ஓம் அப்பா," என்றார் அக்கா. அவ்வளவுதான் பேசினார்கள். இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பின்வளவில் மரவள்ளிப் பாத்திக்குப் பக்கத்தில் என் சேவல் நின்றது. வளைந்த விரலைக் கண்டேன். கொழுத்திருந்தது. காலில் கயிறு இல்லை. வேலி இடுப்பளவுதான். நினைத்தால் ஒரே பறப்பில் வெளியே வந்திருக்கலாம். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு, "பா... பா..." என்று கூப்பிட்டேன். தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பிறகு திரும்பிப் போய் மண்ணைக் கிளறத் தொடங்கியது.

நான் கத்தி அழுதேன். மடமே கூடிவிட்டது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். நான் உதறிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன். திரும்பும் பஸ்ஸிலும் அழுகை நிற்கவில்லை. 

"அழாதை பிள்ளை, வேறை சேவல் வாங்கித் தாறன்," என்றார் அப்பா. அவருடைய குரலும் ஒரு மாதிரித்தான் இருந்தது.

"வேறை வேண்டாம்! எனக்கு அதுதான் வேணும்!"

பஸ்ஸில் இருந்தவர்கள் சேவலுக்காக இப்படி அழும் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்கள். சேவலுக்காகத்தான் அழுகிறேன் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.