கதவடியில் தள்ளிய அழைப்பிதழ்கள்

எங்கள் கட்டடத்துக்கு யாரும் வாக்குக் கேட்டு வந்தது கிடையாது. சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்த அந்த உயரமான தொடர்மாடியில் போருக்குத் தப்பி வந்த எங்கள் ஊர்க்காரர் நாற்பத்தொரு குடும்பம் இருந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு வாக்கு என்பது ஊர்ச் சங்கத்தின் சட்டம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை தலைவர் தேர்தல் வரும்போதெல்லாம் எல்லா வாக்கும் அப்படியே என் பெரியப்பாவுக்குப் போய்விடும். வெல்லுகிற பெரியப்பாவுக்கு வரவேண்டிய தேவை இல்லை. அவரை எதிர்த்து நின்றவர்களுக்கு வந்து பயனில்லை. ஆகவே தேர்தல் காலத்திலும் எங்கள் லிப்டில் பீட்சாக்காரரும் நாங்களும்தான் ஏறி இறங்கினோம்.

வாக்கு விழுந்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து முதலில் வந்தவர்களில் பெரியப்பாவும் ஒருவர். விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்களைக் கூட்டிவந்து, பதினேழாம் மாடியில் தன் வீட்டில் படுக்கவிட்டு, அகதி விண்ணப்பம் நிரப்பி, குளிர் ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தவர் அவர். பிறகு மில்லிக்கனில் இரண்டு கார் நிற்கும் கராஜோடு வீடு வாங்கிப் போய்விட்டார். அவரிடம் ஜாக்கெட் வாங்கியவர்களில் பாதிப்பேரும் ஒவ்வொருவராக ஸ்காபரோவுக்குப் போனார்கள். அந்த இடங்களுக்குப் புதுக் குடும்பங்கள் வந்தன. அவர்களுக்குப் பெரியப்பா என்றால் எப்போதாவது கட்டட வாசலில் நின்றுபோகும் ஒரு வெள்ளைக் கார்தான்.

இதையெல்லாம் அப்பா கவனிக்கவில்லை. அப்பா பெரியப்பாவின் தம்பி. தேர்தல் நாளில் கதவு தட்டி ஆட்களை வாக்குப் பெட்டியடிக்கு இறக்குவது அவருடைய பொறுப்பு. "எங்கட கட்டடம் அண்ணையின்ரை பெட்டி" என்று சொல்லும்போது அவருக்கு நெஞ்சு கொஞ்சம் உயரும். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சரக்குப் பார்க்கிற வேலை அவருக்கு. பிழையில்லாத பெட்டிகளில் பச்சை மையால் கையெழுத்து வைப்பார். அந்தப் பச்சைப் பேனை சட்டைப் பையை விட்டு இறங்கியதே இல்லை. பள்ளிக்கூடப் படிவங்களிலும் அதனால்தான் கையெழுத்து. நீலத்தில் வைக்கச் சொல்லி என் ஆசிரியை இரண்டு தடவை குறிப்பு அனுப்பினார். அந்தக் குறிப்புகளிலும் அப்பா பச்சையில் கையெழுத்து வைத்து அனுப்பினார்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் பெரியப்பாவின் மூத்த மகள் பெரியவளானதற்குச் சாமத்தியவீடு வைத்தார்கள். தேர்தல் முடிந்து இரண்டு கிழமையில் விழா. மேடையில் தன்னைத் தலைவர் என்று சொல்லி வரவேற்கட்டும் என்றுதான் பெரியப்பா அந்த நாளைப் பார்த்தார் என்று பிறகு சொன்னார்கள்.

ஒரு நாள் பின்னேரம் பெரியப்பா வந்தார். அவர் மேலே ஏறுவதில்லை. வாசலில் நின்று பஸரை அடித்து, "நான் நிக்கிறன், வா" என்பார். அன்று அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அந்தக் கிழமை லிப்ட் வேறு பழுது. நான் பள்ளிக்கூடத்தால் வர, பெரியப்பாவின் கார் திரும்பிப் போவது தெரிந்தது. அப்பா கையில் ஒரு பை. அதை அப்படியே என்னிடம் தந்தார்.

"ஒவ்வொரு வீடாப் போய்க் கையில குடு. பெரியப்பா சொல்லச் சொன்னவர் எண்டு வாயாலை சொல்லு" என்றுவிட்டு ஓடினார்.

அழைப்பிதழ்கள். ஒவ்வொரு உறையிலும் பெயரும் வீட்டிலக்கமும் எழுதியிருந்தது. முதல் கதவைத் திறந்த அன்ரி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நடைபாதையைப் பார்த்தார். "பெரியப்பா எங்கை? பெரியம்மா வரேல்லையோ?" என்று கேட்டார். நான் அடுத்த கதவுக்கு ஓடினேன். இரண்டாவது வீட்டிலும் அதே கேள்வி. மூன்றாவது கதவுக்கு முன்னால் எனக்குக் கூச்சத்தில் அழுகை வந்துவிட்டது. நாலரைக்குத் தொலைக்காட்சியில் கார்ட்டூனும் இருந்தது. பீட்சாக் கூப்பன் போடுகிறவர்கள் எப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். மிச்ச உறைகளை எல்லாம் கதவுகளுக்குக் கீழாலே தள்ளிவிட்டுப் படியிறங்கினேன். கடைசி உறையில் எங்கள் வீட்டிலக்கம் இருந்தது. கடமையில் குறை வைக்கிற பிள்ளை இல்லை நான். அதையும் எங்கள் கதவுக்குக் கீழாலே தள்ளினேன். பிறகு திறப்பை எடுத்துக் கதவைத் திறந்து, அதைத் தாண்டிப் போய் டிவியைப் போட்டேன்.

எங்கள் ஆட்களிடம் அழைப்பு என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. புருஷனும் பெண்சாதியும் சோடியாக வரவேண்டும். சப்பாத்தைக் கழற்றி உள்ளே வந்து, இருந்து, ஒரு வாய் தேத்தண்ணியாவது குடித்து, வாயால் சொல்லவேண்டும். அழைப்பிதழ் நாளையும் நேரத்தையும் நினைவில் வைக்கிற கடதாசி மட்டும்தான். சொல்லாமல் கடதாசி மட்டும் வந்தால் அது வராதே என்பதற்குச் சமம்.

அந்தக் கிழமைதான் எங்கள் கட்டடத்துக்கு முதன்முதலாக ஒருவர் வாக்குக் கேட்டு வந்தார். அவர் வெக்ஸ்போர்ட்டில் இருந்தார். பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. படியேறுவது அவருக்குப் புதிதில்லை. பழுதான லிப்டைக் குறை சொல்லாமல் மாடி மாடியாக ஏறினார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

"அண்ணை, உங்கட வோட் எனக்கு வராது எண்டு தெரியும். தேத்தண்ணிக்குத்தான் வந்தனான்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். அம்மா தேத்தண்ணியோடு பருத்தித்துறை வடையும் வைத்தாள். எதிரிக்கு எதற்கு வடை என்று எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த நாட்களில் அப்பா ஒவ்வொரு பின்னேரமும் பட்டியலோடு ஏறி இறங்கினார். திரும்பி வரும்போது அவருடைய முகம் சுருங்கியிருந்தது. எல்லாரும் "பாப்பம் அண்ணை" என்றார்களாம். எங்கள் ஊரில் பாப்பம் என்றால் மாட்டோம் என்று பொருள். உடுப்புத் தோய்க்கிற அறையில் ஓர் அன்ரி என் காதுபடவே சொன்னார்: "பீட்சாக் கூப்பனோட கூப்பனாக் கதவடியில கிடந்தது. அவ்வளவுதான் எங்கட மரியாதை." நான் உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் நின்றேன்.

அன்று பின்னேரம் அப்பா என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, நீ கையிலதானே குடுத்தனீ?"

"ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு அப்பாவின் கண்ணில் படாமல் திரிந்தேன். பெரியப்பா தோற்றால் அது என்னால்தான். அவருக்குத் தெரிந்தால் அப்பாவோடு கதைக்க மாட்டார். அப்பா அதன் பிறகு எப்படி இருப்பார் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கு அவ்வளவு பயம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஊரில் குண்டு விழுந்தபோதுகூட நான் அம்மாவின் மடியில் இருந்தேன். இதில் நான் தனியே இருந்தேன்.

தேர்தலுக்கு மூன்று நாள் இருக்க அப்பா பெரியப்பாவுக்கு போன் எடுத்தார். "அண்ணை, ஒருக்கா வந்து அஞ்சாறு வீடு ஏறி இறங்கினால் காணும்" என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். மறுபக்கம் பெரியப்பா சிரித்தது எனக்கே கேட்டது. அப்பா "ஓம் அண்ணை, ஓம்" என்று மெதுவாக போனை வைத்தார். "நீ நிக்கேக்கை எனக்கென்ன பயம் எண்டுறார்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் என்னால் தாங்க முடியவில்லை. அப்பா குசினி மேசையில் பட்டியலைப் பரப்பி வைத்திருந்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கதவுக்குக் கீழாலே தள்ளியது நான்தான், பெரியப்பா இல்லை, எல்லாரிடமும் போய்ச் சொல்லுங்கோ, அவர்கள் கோபத்தை விட்டுவிடுவார்கள் என்றேன். அடி விழும் என்று கன்னத்தையும் தயாராக வைத்திருந்தேன்.

அப்பா முதலில் சிரித்தேவிட்டார். "உவள் செய்த வேலையே" என்று அம்மாவைப் பார்த்தார். பட்டியலை எடுத்துக்கொண்டு எழும்பினார். போய்ச் சொல்லத்தான் எழும்பினார் என்று நினைக்கிறேன். சந்தோஷத்தில் இன்னும் ஒன்றைச் சொன்னேன்.

"எங்கட வீட்டுக் கார்டையும் நான்தான் தள்ளினனான்."

அப்பா நின்றார். "எங்கட வீட்டுக்கோ? எங்களுக்கென்னத்துக்குக் கார்ட்?"

அம்மா கையைத் துடைத்துவிட்டு மேசை லாச்சியை இழுத்துத் திறந்தாள். லைட் பில்களுக்கு அடியிலிருந்து அந்த உறையை எடுத்து மேசையில் வைத்தாள். திரு, திருமதி என்று போட்டு அப்பாவின் முழுப்பெயர், பிறகு குடும்பத்தினர். மற்ற நாற்பது உறைகளிலும் இருந்த அதே கையெழுத்து.

"மூண்டு கிழமையா வச்சிருக்கிறன்" என்றாள். "நாங்கள் விழாக்காரர் எண்டு நீங்கள் நினைச்சுக்கொண்டிருக்கிறியள். நாங்களும் விருந்தாளியள்தான்."

அப்பா உறையைத் தொடவில்லை. பிறகு கதிரையில் இருந்தார். பட்டியலை நாலாக மடித்தார்.

"அப்பா, போய்ச் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"உதை ஒருத்தரிட்டையும் சொல்லாதை" என்றார். என்னை ஏச்சிலிருந்து காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். அவர் மேல் எனக்கு வந்த பாசத்தில் மறுபடியும் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தின் பொது அறையில் பெட்டி வைத்தார்கள். மேசையில் நூலால் கட்டிய நீலப் பேனை. பிடித்தவரின் பெயருக்கு நேரே பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டு மடித்துப் பெட்டிக்குள் போடவேண்டும். அப்பா காலையிலிருந்து பெட்டியடியிலேயே இருந்தார். வந்தவர்களிடம் சுகம் விசாரித்தார். யாரிடமும் வாக்கு மட்டும் கேட்கவில்லை.

பின்னேரம் வெக்ஸ்போர்ட்டில் ஒரு கடைக்கு மேலே இருந்த மண்டபத்தில் மூன்று இடத்துப் பெட்டிகளையும் எண்ணினார்கள். மில்லிக்கன் பெட்டி பெரியப்பாவுக்கு. வெக்ஸ்போர்ட் பெட்டி பீட்சா அண்ணைக்கு. இரண்டையும் கூட்ட, பெரியப்பா மூன்று வாக்குப் பின்னால் நின்றார். கடைசியாக எங்கள் பெட்டி. பெரியப்பா முன்வரிசையில் கோட்டோடு இருந்தார். "இனி எங்கட கட்டடம்தானே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அப்பா சுவரோடு நின்றார். நான் எண்ணுகிற மேசைக்குக் கிட்டப் போய் நின்றேன்.

துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்து, எல்லாருக்கும் தெரியத் தூக்கிக் காட்டி, இரண்டு அடுக்காக வைத்தார்கள். நீலம், நீலம், நீலம். இரண்டு அடுக்கும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஏறின. பாதிக்கு மேல் போனபோது ஒரு துண்டில் பச்சைப் புள்ளடி. பீட்சா அண்ணையின் பெயருக்கு நேரே, அழுத்திப் போட்டிருந்தது. அது அவருடைய அடுக்கில் போய் விழுந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. யாரோ நன்றி கெட்டவர் அப்பாவிடம் பேனையை இரவல் வாங்கி, அதே பேனையால் அப்பாவின் அண்ணனுக்கு எதிராகப் போட்டிருக்கிறார். திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா எங்கள் பெட்டியிலேயே தோற்றார். போகும்போது அப்பாவின் தோளில் கை வைத்து, "நீ என்ன செய்வாய், உன்ரை பிழையில்லை" என்றார். அப்பா அவருக்குக் கதவைத் திறந்து பிடித்தார்.

பஸ்ஸிலும் சப்வேயிலும் அந்த நன்றி கெட்டவரைப் பற்றி அப்பாவிடம் சொல்லலாமா என்று நாலைந்து தடவை வாய் எடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் திங்கட்கிழமைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கான படிவத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். அப்பா சட்டைப் பைக்குள் கையைவிட்டுப் பச்சைப் பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார். எனக்கு ஆறுதலாக இருந்தது. வாக்குத்தான் போடவில்லை, வாங்கிய பேனையையாவது அந்த ஆள் திருப்பிக் கொடுத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.