சர்க்கரை போடாத பதினெட்டுக் காபி

வாரம் ஒரு கேலிக் கட்டுரை எழுதிப் பிழைப்பவன் நான். யார் தலையில் கிரீடம் ஏறினாலும் தட்டிவிடுவது என் தொழில். அதற்காகக் கூட்டியும் குறைத்தும் எழுதியிருக்கிறேன். இதில் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை. கெய்ரோவில், ஹரம் சாலை ஸ்டுடியோ ஒன்றின் பின்முற்றத்தில், பிப்ரவரி ஒன்பதாம் தேதி, மாலை நாலிலிருந்து ஆறு மணிக்குள் நடந்தது. பேய் என்றால் நள்ளிரவில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் நிம்மதியாக இருந்துகொள்ளட்டும். நான் பார்த்தபோது வெயில் இருந்தது.

அன்று நடிகர் ஸர்வத் மனாஸ்திர்லி நடிப்புக்கு முழுக்குப் போடும் விழா. ஐம்பத்திரண்டு வருடம், நூற்றுப் பதினான்கு படம். வயது எழுபத்தாறு, தலைச்சாயத்துக்கு நாற்பது. முழுக்குப் போடுவது இது மூன்றாம் தடவை. முதல் இரண்டு தடவையும் தயாரிப்பாளர்கள் ஓடிவந்து காலைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தத் தடவை எந்தக் கையும் நீளவில்லை. ஒன்றரை வருடமாக அவர் வீட்டுத் தொலைபேசி, சமையல்காரி தன் தங்கையோடு சண்டை போடத்தான் பயன்பட்டது.

விடைபெறும் உரையை என்னை எழுதச் சொன்னார். பதினோரு பக்கம். பத்துப் பக்கம் விடைபெறுவார். பதினோராம் பக்கத்தைத் தனியாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்திருந்தார். ‘உங்கள் கண்ணீருக்குத் தலைவணங்கி என் முடிவை மாற்றிக்கொள்கிறேன்.’ கூட்டத்தில் யாராவது ‘போகாதீங்க’ என்று கத்தினால்தான் அதை வெளியே எடுக்க முடியும். கத்துவதற்கு ஆள் வேண்டுமே. துணை நடிகர்களை அனுப்பும் ஏஜெண்ட் லபீபிடம் இருபது பேருக்குச் சொல்லியிருந்தார். உஸ்தாத் என்றுதான் அவரை எல்லோரும் அழைப்போம். உஸ்தாத் கண்ணாடியைக் கழற்றினால் கத்த வேண்டும். அதுதான் சைகை.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“ஒருத்தன் சொன்னாப் போதும் நகீப். ஒரே ஒருத்தன். நான் வீட்டுல உக்காந்தா செத்துருவேன்டா.”

தயாராக வைத்திருந்த கிண்டலை விழுங்கிக்கொண்டேன்.

முற்றத்தில் பூவேலைத் துணிப் பந்தல். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் கடை திறப்புக்கும் சாவுக்கும் அதே துணிதான். இருநூறு நாற்காலி. 4.20க்கு வந்திருந்தவர்கள்: நான், காபி போடும் ஷஹாத்தா, ஒரு பூனை. 4.30க்கு ஒரு தொலைக்காட்சிக்காரன் வந்தான். கால்பந்து வீரர் யாராவது வருகிறாரா என்று விசாரித்தான். இல்லை என்றதும் காமிராவை மடித்துக்கொண்டு போய்விட்டான். உஸ்தாதுக்குப் பிள்ளையில்லை, மனைவியும் இல்லை. அதனால் வாசலில் வரவேற்க என்னைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

4.45. ஷஹாத்தா எனக்கு ஒரு காபி தந்தார். வாயில் வைத்தேன். கசப்பு. ஒரு துளி சர்க்கரை இல்லை. நாங்கள் அப்படிக் குடிப்பது துக்க வீட்டில் மட்டும்தான்.

“என்ன ஷஹாத்தா அண்ணே, யார் செத்துட்டாங்க?”

“வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க. ரெண்டு கரண்டி போட்டேன், இந்தக் கையாலதான் போட்டேன்.” என் கோப்பையையே வாங்கி உறிஞ்சிப் பார்த்தார். முகம் மாறியது. அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

5.05. அவர்கள் வந்தார்கள்.

பஸ் வந்து நின்ற சத்தம் கேட்கவில்லை. கதவு அடிக்கும் சத்தமும் இல்லை. பந்தல் வாசலில் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். பழைய மோஸ்தரில் கறுப்புக் கோட்டு. பதினேழு பேர். ‘மூன்று பேரை லபீப் விழுங்கிவிட்டான்’ என்று உஸ்தாத் முணுமுணுத்தார். ஆனாலும் முகம் மலர்ந்துவிட்டது. கையை நீட்டினார்.

அவர்கள் அவரைத் தாண்டி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் கவனித்தேன். எல்லோர் முகத்திலும் மேக்கப். போர்க்காட்சிக்குப் பூசுவார்களே, அந்தப் பழுப்பு. தாடையோடு நின்றுவிட்டது. கழுத்து வெளுப்பாக இருந்தது. காலணிகளில் மணல்... முற்றம் முழுக்க சிமெண்டுத் தரை.

ஷஹாத்தா காபி கொடுத்தார். குடித்தார்கள். உறிஞ்சும் ஓசை இல்லை.

உஸ்தாத் மேடையேறினார். பத்துப் பக்கமும் படித்தார். நன்றாகவே படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

ஒருவரும் கத்தவில்லை.

மாட்டினார். மறுபடி கழற்றினார்.

முன்வரிசை அசையவில்லை.

மூன்றாம் தடவை கழற்றியபோது கண்ணாடி கீழே விழுந்தது. “போகாதீங்கன்னு... ஒருத்தராவது சொல்லுங்கய்யா,” என்றார். ஒலிபெருக்கியில் அது முற்றம் முழுக்கக் கேட்டது. நூற்றுப் பதினான்கு படத்திலும் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அது நடிப்பில்லை.

5.31. பதினேழு பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

வரிசையாக வாசலுக்கு வந்தார்கள். உஸ்தாத் தடுமாறி இறங்கிவந்து, என் பக்கத்தில் நின்று, கையை நீட்டினார். முதல் ஆள் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்தான். வறண்ட கை. நிழலில் கிடந்த மணல்போலக் குளிர்ச்சி.

“மீதி ஆயுள் உங்களுக்குச் சேரட்டும்.”

துக்க வீட்டில், செத்தவரின் சொந்தக்காரரிடம் சொல்கிற வார்த்தை அது. வேறெங்கும் சொல்ல மாட்டோம்.

“உங்களுக்கும்,” என்றது என் வாய், பழக்கத்தில்.

இரண்டாவது ஆள். அதே வார்த்தை. மூன்றாவது. நான்காவது... உஸ்தாதின் கை நீட்டியபடியே இருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “என்னைப் பாருங்கய்யா,” என்றார். “நான் இங்கதான் நிக்கிறேன்.”

பதினேழாவது ஆள் என் கையை விட்டான்.

நின்றான்.

அவர் பக்கம் திரும்பினான்.

“கிளம்பலாமா உஸ்தாத்? ரொம்ப நேரமா காத்திருக்கோம்.”

உஸ்தாதின் நீட்டிய கை கீழே இறங்கியது. “வரேன்னு சொன்னேன், இல்ல...” என்றார். மெதுவாக. என்னிடம் இல்லை.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. நான் திரும்பவில்லை. அந்த ஆள் வெளியே போவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கைக்குள் இன்னொரு கை வந்தது.

உஸ்தாத். வரிசையின் கடைசியில்.

தாடைவரை பழுப்புப் பூச்சு.

“மீதி ஆயுள் உனக்குச் சேரட்டும், நகீப்.”

வாசலைத் தாண்டி அவர்கள் பின்னால் போனார்.

திரும்பினேன்...

உஸ்தாத் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. முகத்தில் பூச்சு இல்லை. பதினோராம் பக்கம் கையில் இருந்தது, மடிப்புப் பிரிக்காமல்.

5.38.

இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் எழுதினார். 5.50க்கு லபீப் ஓடிவந்தார். பின்னால் இருபது பேர். ஃபைசல் சாலை நெரிசலில் மூன்று மணியிலிருந்து சிக்கிக் கிடந்ததாகச் சத்தியம் செய்தார். அப்படியானால் வந்தவர்கள் யார் என்று கேட்டேன். கறுப்புக் கோட்டு, பழுப்பு மேக்கப், மணல், பதினேழு. நான் சொல்லச் சொல்ல அவர் உட்கார்ந்துவிட்டார்.

முப்பத்தோரு வருடத்துக்கு முன் ஃபயூம் பாலைவனத்தில் உஸ்தாத் கதாநாயகனாக ஒரு போர்ப் படம் எடுத்தார்களாம். மாலை படப்பிடிப்பு முடிந்து, மேக்கப்பைக்கூடக் கழுவாமல் துணை நடிகர்கள் பஸ்ஸில் ஏறினார்கள். இருட்டில், வளைவில், பஸ் கவிழ்ந்தது. அதில் இருந்த பதினேழு நடிகர்களும் செத்துப்போனார்கள். துக்கத்துக்கு உஸ்தாத் வரவில்லை. அன்று அவருக்கு ஒரு பரிசு விழா.

ஷஹாத்தா கழுவிய கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் குடித்த கோப்பை தனியாக, பாதி கசப்போடு, அப்படியே இருந்தது. உஸ்தாத் அன்று காபியைத் தொடவில்லை. அடுக்கியதை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பதினெட்டு.

“பதினேழு பேர்தானே லபீப்?”

லபீப் எழுந்து வந்து தானும் எண்ணினார்.

“போனது பதினேழு. சீட்டு பதினெட்டு. அன்னிக்கு உஸ்தாதோட கார் மணல்ல சிக்கிக்கிச்சு. ‘நானும் உங்களோட வரேன், எனக்கு ஒரு சீட்டு வைங்க, வந்துடறேன்’னாரு. நான் உடுப்பு லாரியில முன்னாடி கிளம்பிட்டேன், அதான் உயிரோட இருக்கேன். அவங்க முக்கால் மணி நேரம் காத்திருந்தாங்கன்னு படப்பிடிப்புக்காரங்க அப்புறம் சொன்னாங்க. இவரு டைரக்டர் கார்ல ஏறிப் போயிட்டாரு, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலை. அதுக்குள்ள இருட்டிடுச்சு.”

துடைத்துவைத்த கோப்பைகளைப் பார்த்தார்.

“அந்த ஒரு சீட்டு மட்டும் காலியாவே போச்சு.”