ஆண்டுக்கு மூன்று மைக்ரான்

அவள் வேலை பார்த்த கார் பெயிண்ட் ஷெட்டில் கறுப்பு வண்டிகளை வேறு யாரும் தொட்டதில்லை. வெள்ளை வண்டிக்கு யார் வேண்டுமானாலும் பாலிஷ் போடலாம், தப்பு தெரியாது. கறுப்பு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பாக ஒரு வண்டி வாசலில் திரும்பினாலே பெயிண்டர் இரண்டு கையையும் தூக்கிவிடுவார்.

"கூப்பிடுங்கப்பா பாலிஷ் அக்காவை. நான் பிள்ளைகுட்டிக்காரன்."

"நான் மட்டும் மரத்துலயா முளைச்சேன்?" என்று கேட்டுக்கொண்டே விளக்கை எடுத்துக்கொண்டு வருவாள்.

முதலில் விளக்குதான். பானெட்டுக்கு மேலே அதைப் பிடித்தால், வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்டவட்டமாகக் கீறல்கள் எழுந்து வரும். வண்டிக்காரர்கள் பதறிப்போவார்கள். தினமும் துடைக்கிறேனே என்பார்கள்.

"அதாங்க வியாதியே" என்பாள் அவள். "தூசி மேல காஞ்ச துணியைப் போட்டா அது துணி இல்ல, உப்புத்தாள்."

உண்மையில் அந்தக் கீறல்கள் வட்டமே இல்லை. எல்லாத் திசையிலும் நேர்கோடுகளாகக் கிடப்பவைதான். விளக்குக்கு வாகாக நிற்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகின்றன. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவள் இதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருந்தாள்.

அவள் வீட்டு வண்டியும் கறுப்புதான். கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. எந்த நிறம் வேண்டுமானாலும் வாங்குங்கள், கறுப்பு மட்டும் வேண்டாம் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டும், பழைய வண்டிச் சந்தையிலிருந்து கறுப்பைத்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். வந்ததிலிருந்து, ஊரில் இருக்கும் நாளெல்லாம், பல் துலக்குவதற்கு முன்பே பழைய பனியன் துணியோடு வண்டியிடம் போய்விடுவார்.

"ஏங்க, தண்ணி ஊத்தாம தேய்க்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"மூணு மாடி உயர எஞ்சினையே துடைச்சு வெச்சிருக்கேன். ஒரு காரைத் துடைக்கத் தெரியாதா எனக்கு?"

"எஞ்சினுக்கு யாரும் விளக்கடிச்சுப் பாக்க மாட்டாங்க."

"நீ பாக்காம இருந்தா சரியாப் போச்சு."

அவர் கப்பலேறியதற்கு அடுத்த விடுமுறை நாளில், ஆளில்லாத ஷெட்டுக்கு அவள் அந்த வண்டியை ஓட்டிப் போவாள். கழுவி, பாலிஷுக்கென்றே வரும் களிமண் கட்டியால் ஒட்டுத்தூசியை எடுத்து, ஓரங்களுக்கு டேப் ஒட்டி, விளக்கைப் போடுவாள். அவர் கை முழுசாகத் தெரியும். பானெட்டில் நீளநீளமான இழுப்பு. தோள்பட்டை வலியால் கூரையின் நடுவுக்கு எட்டாமல் நின்றுபோன கோடுகள். அவள் உட்காரும் பக்கத்துக் கதவில் மட்டும் கீறல் ஆழம் கூடுதல். அந்தக் கதவை மட்டும் அவர் இரண்டு தடவை துடைப்பார்.

வேறு வண்டியென்றால் ஒரே நாளில் முடிப்பவள், இதற்கு மூன்று விடுமுறை நாள் எடுத்துக்கொள்வாள். பானெட்டை நாலாகப் பிரித்து, காம்பவுண்டு என்ற பாலிஷ் பசையைத் தடவி, பாலிஷ் மெஷினை மெல்ல நகர்த்துவாள். அந்தக் கதவைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். அது முடிந்தபின் ஒன்பது மாதத்துக்கு அவர் கைபட்டது ஒன்றும் இல்லை.

மெஷின் கீறலை நிரப்புவதில்லை. நிறத்துக்கு மேலே கண்ணாடிபோல் இருக்கும் மேல்பூச்சைக் கீறலின் அடிமட்டம் வரை சீவி எடுக்கிறது, அவ்வளவுதான். பூச்சுகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த மகள், தடிமன் அளக்கும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து பானெட்டில் எல்லாப் பூச்சும் சேர்ந்த தடிமனை, மைக்ரான் கணக்கில், வருடாவருடம் வீட்டு அலமாரிக் கதவின் உட்புறம் பென்சிலால் குறித்துவந்தாள். 126. 123. 120. 117. அவர் ஒரு மாதம் கூடுதலாகத் தங்கிய வருடம் 113. பிறகு 110.

மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, போதும். மேல்பூச்சு மொத்தமே முப்பது சொச்சம்தான், அதுல பாதி போயிடுச்சு. இனிமே மெஷின் வைக்காத."

"ஒரே ஒரு தடவை வெச்சா?"

"வெயில்ல உரிஞ்சு வந்துரும். அப்பாகிட்ட ஒழுங்காக் கழுவச் சொல்லு, இல்ல வண்டியைத் தொடாதீங்கன்னு சொல்லு."

தொடாதீங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அடுத்த தடவை அவர் வந்திறங்கியதும் இரண்டு பக்கெட்டும் ஒரு கம்பளிக் கையுறையும் எடுத்து வைத்தாள். ஒன்றில் சோப்பு நீர், மற்றதில் அலச நல்ல தண்ணீர். எப்போதும் மேலிருந்து கீழ். பூச்சு தேய்ந்துபோன கதையையும் சொன்னாள்.

"என்னது, வண்டிக்கு ஆபரேஷனா?" என்று சிரித்தார். அப்புறம் அலமாரிக் கதவைத் திறந்து அந்த எண்களை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். "சரி, விடு" என்றார்.

அவள் எட்டு மணிக்கே வேலைக்குப் போய்விடுவதால், அவர் எப்படிக் கழுவினார் என்று பார்க்கவில்லை. இரண்டு மாதம் ஓடிப்போனது. அவர் கப்பலேறினார்.

விடுமுறை நாளில் ஷெட்டைத் திறந்தாள். மெஷின் வைக்கக் கூடாது, பார்க்க மட்டும் பார்க்கலாம் என்றுதான் போனாள். விளக்கைப் போட்டாள். பானெட்டில் ஒன்றுமில்லை. தாழ்த்திப் பிடித்தாள், சாய்த்துப் பிடித்தாள். கூரை சுத்தம். அவள் பக்கத்துக் கதவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைப்பிடியைச் சுற்றி அங்குலம் அங்குலமாக விளக்கை நகர்த்தினாள். ஒரு கோடு இல்லை. அவள் முகம் மட்டும் தெரிந்தது.

இத்தனை வருடத்தில் அவள் கைபட்ட எந்த வண்டியும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

பகல் முழுக்க அங்கேயே இருந்தாள். சாயங்காலம் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அவர் கூப்பிட்டார்.

"என்ன, விளக்கடிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒரு கோடு இருந்தா சொல்லு. தினமும் ரெண்டு பக்கெட். முட்டி தேஞ்சதுதான் மிச்சம்."

"நல்லா இருக்குங்க."

"அதைச் சிரிச்சுட்டுச் சொன்னா என்ன? பாலிஷ்காரி வாயால ஒரு பாராட்டு வருதா பாரு."

அவள் விளக்கை அணைத்தாள்.

"அடுத்த தடவை வர்றப்ப அந்த பக்கெட்டெல்லாம் வேணாம். உங்க பனியன் துணியாலயே துடைச்சுட்டுப் போங்க."

"உரிஞ்சு போயிரும்னு நீதானே சொன்ன?"

"போனா போகுது. புதுசா பெயிண்ட் அடிச்சுக்கலாம்."

"விளையாடறியா? எதுக்கு?"

"எனக்கு இங்க பண்றதுக்கு ஒண்ணுமே இல்லைங்க" என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது. போனை வாய்க்கு இன்னும் நெருக்கமாக வைத்துக்கொண்டார்போல. மூச்சு பெரிதாகக் கேட்டது.

"சரி, துடைக்கிறேன்" என்றார்.